ஓடாத மோட்டாரில் ஓடிய மின்சாரம்

ஒரகடம் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஆறு வருடம் ஹைபிரிட் கார்கள் பார்த்தேன். அம்மாவால் தனியாக இருக்க முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான உத்திரமேரூருக்கே வந்துவிட்டேன். பெட்ரோல் இன்ஜினும் பெரிய பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற அந்த வண்டிகளைத் தொட இந்தப் பக்கம் எல்லோருக்கும் பயம். அதனால் எப்போதாவது யாராவது என்னைக் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் புள்ளலூரிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். அவருடைய நெல் குடோன் வாசலில் கார் நின்றுபோய் நாலு நாளாம். பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"இன்னாமா, நீ மட்டுமா வந்த? மெக்கானிக் எங்க?"

"நான்தான் சார்."

சாவியை என் கையில் தரவில்லை. காரின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"கரண்ட் சென்சார் போச்சாம். கம்பெனில பொட்டியவே மாத்தணும்னுட்டாங்க."

அவர் சொன்ன பெட்டி இன்வெர்ட்டர். பேட்டரியின் மின்சாரத்தை மாற்றி மூன்று கம்பிகள் வழியாக மோட்டாருக்கு அனுப்புவது அதன் வேலை. எந்தக் கம்பியில் எவ்வளவு போகிறது என்று உள்ளே இருக்கும் சென்சார்கள் அளந்து சொல்லும்.

யாரும் கிட்டே வராமலிருக்க வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வண்டிக்குள் ஓடும் கணக்கைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். மோட்டார் அசையவே இல்லை, மூன்று கம்பியிலும் பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டில் பூஜ்யம். நடுக்கம்பியில் மட்டும் பன்னிரண்டு ஆம்பியர் ஓடுவதாகக் காட்டியது.

சென்சாரிலிருந்து கணக்கை எடுத்துப் போகும் மெல்லிய வயரை லேசாக அசைத்தேன். பன்னிரண்டு ஆம்பியர் முப்பதானது, சட்டென்று பூஜ்யமானது, மறுபடி ஏறியது. சென்சார் செத்திருந்தால் வயரை ஆட்டியதற்கெல்லாம் இப்படிக் குதிக்காது. கோளாறு பெட்டிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது.

சொல்வதற்கு நிமிர்ந்தேன். சர்வீஸ் சென்டராக இருந்திருந்தால் அடுத்த வண்டியில் வேலை செய்யும் தோழி, நான் கூப்பிடுவதற்கு முன்பே ஓடிவந்து எட்டிப் பார்த்திருப்பாள். இங்கே கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்டார்: "இன்னாமா, வெடிக்குமா?"

"வெடிக்காதுண்ணா."

பேட்டரியின் பாதுகாப்பு பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மீட்டர் வைத்து, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, வயர் சொருகும் இடத்தைத் திறந்தேன். மழைத்தண்ணீர் இறங்கி ஒரு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுத்தம் செய்து, புது முனை போட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். மூன்றிலும் பூஜ்யம். அசைத்தும் மாறவில்லை.

"பொட்டி நல்லாதான் கீது சார். வயர்லதான் கோளாறு. இனிமே ஓட்டலாம்."

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். "இங்க ஒரு பொண்ணு வயர்தான்னு சொல்லிக்கினு கீது. ஓட்டலாமா?" கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "ஓட்டலாமாம்."

குடோனை இரண்டு சுற்று சுற்றி வந்தார். கோளாறு காட்டும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே வீட்டாரை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மா, கண்டுபுடிச்சிட்டேன்மா. சென்சார் இல்ல, வயரு."

"ஷாக்கு கீக்கு அடிச்சிதா?"

"இல்லமா."

"அப்போ செரி. சோறு வடிச்சிட்டேன், வந்துடு."

வைத்துவிட்டாள். நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. பஸ் வர நேரமிருந்தது. ஸ்கேனரைத் திறந்து, அதில் பதிவாகியிருந்த நடுக்கம்பியின் கோடு துள்ளித் துள்ளி, பிறகு நேராகப் படுத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூறல் விழ ஆரம்பித்ததும் மூடிப் பைக்குள் வைத்தேன்.