ஒக்சானாவின் ஊரும் நான் கொண்டுபோன கேக்கும்

சூடான பாண் வாசம்... மெல்பர்னின் டண்டினொங் ஸ்டேஷனில் இறங்கினால் இன்றைக்கும் அதுதான் என் மூக்கில் ஏறும்.

ஸ்டேஷனில் பாணும் இல்லை, ஒன்றும் இல்லை. அது நான் முதன்முதலில் வேலை செய்த பேக்கரி ஃபாக்டரியின் வாசம்.

அப்போது நான் முடிவு வரும்வரை தங்கவிடும் பிரிட்ஜிங் விசாவில் இருந்தேன். காலை ஷிஃப்ட்டுக்கு பஸ் கிடையாது. என் லைனில் வேலை செய்த உக்ரைன்காரி ஒக்சானா, ஸ்டேஷன் வாசலில் தன் பழைய சிவப்புக் காருடன் எனக்காக நிற்பாள். நான் கேட்டதே இல்லை. அவள் வராமல் விட்டதும் இல்லை.

அவளுடைய ஊர் பெரெயாஸ்லாவ். கீவுக்குப் பக்கத்தில், ஆயிரம் வருடத்துக்கும் மேலான பட்டினம். அங்கே பாணுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறதாம்! (அவள் இங்கிலிஷில் சொன்னதை எங்கள் பாணியில் எழுதுகிறேன்.)

"அங்க கண்ணாடிக்குள்ள வச்சுப் பாக்கிற சாமானை இஞ்ச நாங்கள் ட்ரேயில அடுக்கிறம், ராஜி" என்று சிரிப்பாள்.

எனக்கோ ஊரைச் சொன்னாலே வில்லங்கம். யாழ்ப்பாணத்துப் புத்தூர் நான். பாக்கிங்கில் இருந்த கோபி, சென்னைப் பையன், முதல் நாளே கேட்டான்:

"புத்தூரா? எலும்பு முறிஞ்சா கட்டுப் போடுவாங்களே, அந்த ஊராக்கா?"

"அது ஆந்திராப் புத்தூர் தம்பி. எங்கட ஊரில அடி காணாத நிலாவரைக் கிணறு இருக்கு. கட்டும் இல்லை, ஒண்டும் இல்லை."

கேட்டானா? யாருக்குக் கை சுளுக்கினாலும் நேரே என்னிடம்தான் அனுப்புவான். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு ஊரைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இவனுக்கு என்ன கஷ்டம்...

பிறகு உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கியது. ஒக்சானாவின் அம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். காரில் பேச்சுக் குறைந்துபோனது. அந்த நாட்களில்தான் அவளுக்கு ஆஸ்திரேலிய சிட்டிசன்ஷிப் கிடைத்தது. கேக் என் பொறுப்பு என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவள் ஊரை ஒருதரம் அவள் கண்முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

போனில் ஊர்ப் பேரைத் தேடினேன். வந்த படங்களில் ஆக அழகானதை எடுத்தேன். பெரிய ஏரி, கரையில் தேவாலயம். கேக் செய்கிற அன்ரியிடம் கொடுத்து அப்படியே மேலே பிரின்ட் போடுவித்தேன்.

டீ ரூமில் எல்லோரும் கைதட்ட, நான் பெட்டியைத் திறந்தேன்.

ஒக்சானா பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ராஜி... இது என்ர ஊர் இல்லை. இது ரஷ்யாவில இருக்கிறது."

போயும் போயும் அந்த நேரத்தில், அந்த நாட்டுப் படத்தையா அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்! நாளைக்கு அந்தச் சிவப்புக் கார் ஸ்டேஷனுக்கு வருமா? அதைவிட, இவள் என் முகத்தைப் பார்ப்பாளா?

ஒக்சானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கதை சொல்லத் தொடங்கினாள். அந்தக் காலத்தில் அவர்கள் பக்கத்து இளவரசர்களும் சனங்களும் வடக்கே போய்ப் புதுப் பட்டினங்கள் கட்டினார்களாம். ஊர் நினைவில் பழைய பேரையே வைத்தார்களாம். அப்படி வந்ததில் ஒன்றுதான் என் கேக்கில் இருந்த ஊர். இன்னொன்றுக்குப் பிறகு பேர் மாறிவிட்டது. பேர் மட்டுமா... அவள் ஊரில் ஓடும் துருபிஷ் ஆற்றின் பேரையும் கொண்டுபோய், அந்த இரண்டு ஊர் ஆறுகளுக்கும் வைத்திருக்கிறார்கள்!

கதையை முடித்து, கத்தியை எடுத்தாள்.

"பேரையும் கொண்டு போச்சினம், ஆத்தையும் கொண்டு போச்சினம். கேக்கையாவது நாங்கள் சாப்பிடுவம்!"

ஏரியின் நடுவிலேயே ஒரு வெட்டு. டீ ரூமே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

கோபி என் காதுக்குள் வந்து, "புத்தூர்க்காரங்களே இப்படிப் பண்ணலாமாக்கா?" என்றான். அவன் வாயில் ஒரு துண்டு கேக்கை அடைத்தேன்.

அடுத்த நாள் காலை, சிவப்புக் கார் வழக்கமான இடத்தில் நின்றது.

இப்போது அந்த ஃபாக்டரி இல்லை. மூவரும் மூன்று பக்கம். என்னிடமே ஒரு கார் இருக்கிறது, தனியாகத்தான் ஓட்டிப் போகிறேன். சிவப்புக் காரில் பேசிய அந்தப் பத்து நிமிடக் கதை இப்போது மெசேஜில்தான்.

போன சனிக்கிழமை என் சிட்டிசன்ஷிப் பார்ட்டி. ஒக்சானா ஒரு பெட்டியோடு வந்தாள், பின்னால் கோபி. திறந்தால்... ஐசிங்கில் ஒரு கை. மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, அசல் புத்தூர்க் கட்டு!

"அம்மா, இது எங்கட ஊரா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை செல்லம். பிழையான ஊர்."

வேண்டுமென்றே பிழையான புத்தூரைக் கொண்டுவர, சரியான புத்தூர் எது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த மெல்பர்னில் அது தெரிந்த இரண்டு பேர் என் முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் துண்டு ஒக்சானாவுக்குத்தான். கட்டைவிரலோடு சேர்த்து வெட்டிக் கொடுத்தேன்.