மூலைக்கு மூலை வெளிச்சம்

டாலிகஞ்ச் பக்கத்து போட்டோ கிளப்பில் என் ஸ்லைடு திரையில் விழுந்ததும் சிரிப்பு கிளம்பியது. ஏரிக்கரை விடியல். நான்கு மூலைகளும் கரி பூசியது போல் இருட்டு. "பௌதி, குழாய்க்குள்ள உக்காந்து எடுத்தீங்களா?" என்று பெங்காலியில் கேட்டார், ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் மூத்தவர். பௌதி என்றால் அண்ணி. மரியாதையான சொல்தான், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அல்ட்ரா வைடு லென்ஸெல்லாம் வேண்டாம், வீட்டில் குழந்தைகளை எடுங்கள் என்று புத்திமதி வேறு. அடுத்த கண்காட்சியில் என் ஏரியைச் சுவரில் மாட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்கு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு பெட்ஷீட் என்று வாழ்கிற குடும்பம் எங்களுடையது. லென்ஸ் வாங்கிய அன்றே என் கணவர் அதன் மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைத் திருகிவிட்டார். அதற்கு மேல் நான் வானத்துக்கான ஃபில்டர்களை அடுக்கினேன். சாதாரண லென்ஸ் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். அல்ட்ரா வைடு பக்கவாட்டையும் எட்டிப் பார்க்கிற ஜாதி. கேமராவில் கண் வைத்துப் பார்க்கும்போது ஓரம் முழுதாகத் தெரியாது. ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் வயிறு எரியும். ஒருநாள் ஃபிலிம் போடாமல் கேமராவின் முதுகைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, மூலையிலிருந்து லென்ஸ் வழியே பார்த்தேன். ஃபில்டர் அடுக்கின் கறுப்பு விளிம்பு அப்பட்டமாகத் தெரிந்தது. மூலை இருட்டு அதுதான்.

மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் சண்டை.

"கழட்டாதே, கீறல் விழுந்தா லென்ஸே போச்சு!" என்றார் கணவர், மங்கி குல்லாவுக்குள்ளிருந்து.

"போனாப் போகட்டும். மூடி வச்சுப் பூஜை பண்ணவா வாங்கினோம்?"

பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஃபில்டரைச் செருகும் சட்டத்தையும் கழற்றினேன். பாதி கறுப்பு, பாதி தெளிவான சதுர ஃபில்டர் கண்ணாடியை மட்டும் வெறுங்கையால் லென்ஸை ஒட்டிப் பிடித்தேன். கறுப்புப் பாதி வானத்தின் கண்கூசும் வெளிச்சத்தை அடக்க, தெளிந்த பாதி தண்ணீருக்கு. விரல் உள்ளே வரக்கூடாது, குளிரில் கை நடுங்கவும் கூடாது. திட்டிக்கொண்டே இருந்தவர் என் மேல் காற்று படாமல் மறைத்து வந்து நின்றார். மரங்களுக்குப் பின்னால் சிவப்பு எழுந்ததும் அழுத்தினேன்.

அடுத்த கூட்டத்தில் திரை முழுக்க ஏரி விரிந்தது. மேலே சிவப்பு; கீழே படிக்கட்டின் பாசிகூடத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் எழுந்து திரையருகே போய் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். "தாருண்!" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறைப்பானேன், அவ்வளவு சந்தோஷம்.

கண்காட்சியில் என் படத்தை வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். மூத்தவர் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பௌதி, என் படங்கள்லயும் மூலை இருட்டுதான். இத்தனை வருஷமா ஓரத்தை வெட்டிட்டுத்தான் பிரின்ட் போடறேன். ஞாயித்துக்கிழமை லென்ஸை எடுத்துட்டு வரட்டுமா?"

"வாங்க," என்றேன். "ஆனா சொன்னபடி கேக்கணும்."