ஒயரக்கா மூடிய கதவுகள்

ஒயரக்காவுக்கு எதையும் மறக்க வராது. பள்ளியில் தன் பென்சிலை உடைத்தவளின் கல்யாணத்துக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தபோதுகூட அவளை மன்னிக்கவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். உடைச்சது எதுக்கு?" என்று வீடு வரைக்கும் புலம்பினாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், "அந்தப் பென்சிலுக்கு இன்னும் எத்தனை வருஷம்மா துக்கம் கொண்டாடுவ?" என்று கேட்டு, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்டவளிடம்தான் டை போய் வாலாட்டினார்.

டை என்பது அவர் பெயரில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கழுத்தில் அதை இறுக்கிக்கொண்டு வருவதால் ஆட்கள் வைத்த பெயர். ஒரு சின்ன இணைய நிறுவனத்தின் கிளை மேனேஜர். இங்கே மரியாதைக்காகத்தான் 'அவர்'. ஒயரக்கா வீட்டில் பேசும்போது அந்த மரியாதையெல்லாம் இல்லை.

ஒயரக்கா அந்தக் கிளையின் டெக்னீஷியன். நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சுவரைத் துளைத்து, ஒயரை இழுத்து, ரவுட்டர் பெட்டியை மாட்டியவள் அவள்தான். டிவிக்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு "நெட் வரலை" என்பவர்களை விளாசுவாள். மீன்தொட்டி மேல் வைத்திருந்த ஒரு வீட்டில், "மீனுக்கும் கனெக்‌ஷன் வேணுமா?" என்று கேட்டாள். வாய் அப்படி. ஆனால் அவள் மாட்டிய பெட்டிக்குப் புகார் வருவது குறைவு. அதனால் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டில் பெட்டியை மாட்டினாலும், கிளம்புவதற்கு முன் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வசதியை 'ஆன்' செய்துவிட வேண்டும். ஆட்கள் அதை வெளிக்கதவு என்பார்கள். அது திறந்திருந்தால், வீட்டுக்காரர் புகார் சொன்னதும் அலுவலக நாற்காலியில் இருந்தபடியே பெட்டிக்குள் புகுந்து சரிசெய்துவிடலாம். மாடி ஏற வேண்டாம். இது டையின் கண்டுபிடிப்பு. இதைக் காட்டித்தான் பாதி டெக்னீஷியன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேலிடத்தில் பாராட்டு வாங்கினார். அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை. வெளிக்கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு வீடும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பச்சையைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்.

ஒருநாள் அந்தப் பெட்டியைத் தயாரித்தவர்களே ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் ஓட்டை. கொஞ்சம் கோணலாக ஒரு முகவரியைத் தட்டினால், பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்தைத் தாண்டி நேரே உள்ளே போய்விடலாம். புதிய மென்பொருளை உடனே ஏற்றுங்கள். ஏற்றும்வரை வெளியிலிருந்து வரும் வழியை அடைத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒயரக்கா அன்றே அதைப் போனில் எடுத்துக்கொண்டு டையின் அறைக்குப் போனாள்.

"சார், எல்லா வீட்டு வெளிக்கதவையும் மூடணும். பூட்டே இல்லாத கதவு மாதிரி இருக்கு இது."

"மூடிட்டா? புகார் வந்தா யாரு மாடி ஏறுவா? நீயா?"

"நான் ஏறுறேன் சார். முன்னாடி ஏறலையா? அதுவும் வேணாம்னா, இங்கிருந்தே புது சாஃப்ட்வேரையாவது ஏத்துங்க."

"ஏத்தும்போது நெட் கட்டாகும். ஒரே நேரத்துல அத்தனை வீட்டுலயும் கட்டானா ஆபீஸ் போன் பத்திக்கும். இவங்க இப்படித்தான் எதையாவது கிளப்பிவிடுவாங்க. நீ போய் ஒயர் வேலையைப் பாரு."

போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒயர் வேலையைப் பார்த்தாள். சில வாரம்கூட ஆகவில்லை. குடியிருப்பில் ஓலம் கிளம்பியது. யாரோ வெளியிலிருந்து பெட்டிகளுக்குள் புகுந்து, எந்தத் தளத்துக்கு எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் முகவரியை மாற்றிவிட்டிருந்தார்கள். தங்கள் மின்னஞ்சல் பக்கம் என்று நினைத்து, அதே போல் செய்து வைத்த போலிப் பக்கத்தில் ஜனங்கள் பாஸ்வேர்டைக் கொட்டினார்கள். ஒருவருடைய குடும்பப் படங்கள் மொத்தமும் போயின. தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டரின் பெயரில், அவருடைய நோயாளிகளுக்கெல்லாம் வாயால் சொல்ல முடியாத செய்திகள் போயின. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். மனிதர் கொதித்துப்போனார்.

கூட்டம் போட்டார்கள். டை வந்தார். வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க டெக்னீஷியன் அம்மா ஒருத்தங்க பாஸ்வேர்டை வெளியில வித்துட்டாங்க. வேலையை விட்டு எடுத்தாச்சு" என்றார். ஒயரக்கா கூட்டத்தின் கடைசி வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். தன் வேலை போன செய்தியே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"பொய்!" என்று கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. மீன்தொட்டி வீட்டுக்காரர், "வாய் ஜாஸ்தியா இருக்கும்போதே நினைச்சேன்" என்றார். வாய்க்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தமோ, அவருக்கே வெளிச்சம்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்காரரின் வேனில் பள்ளிக்குப் போனதெல்லாம் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள். திருடியின் புருஷன் வண்டியில் பிள்ளையை அனுப்ப யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருவராகச் சாக்குச் சொல்லி நிறுத்தினார்கள். காலையில் காலி இருக்கைகளோடு வேன் கிளம்புவதை ஜன்னலில் நின்று பார்ப்பாள். அந்த மனிதர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஒரு மதியம் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டையின் வீடும் அதே குடியிருப்பில்தான், கடைசிக் கட்டடத்தின் உச்சி மாடி. அங்கே பெட்டியை மாட்டி, வழக்கப்படி வெளிக்கதவைத் திறந்துவிட்டு வந்தவளும் அவள்தான். அந்த இணைப்பின் எண் அவளுக்கு மனப்பாடம். கோணல் முகவரியை முழுதாகத் தட்டி முடித்தாள். இனி ஒரு விரல் அழுத்தம்தான். உள்ளே போனால் என்னென்ன செய்யலாம் என்று நினைக்கவே இனித்தது. டாக்டருக்கு நடந்தது அவனுக்கும் நடக்கட்டும். அவன் பெயரில் மேலிடத்துக்கே செய்தி போகட்டும்.

விரல் விசைக்கு மேலேயே நின்றது. நியாய அநியாயம் பார்த்து நிறுத்தினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுத்தினால் அவன் சொன்ன பொய் உண்மையாகிவிடும். வீடு புகுந்தவள் என்ற பட்டத்தை அவனுக்காக அவளே சம்பாதித்துக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தட்டியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "எந்த முகத்தோட இங்க வர்றீங்க?"

"இதே முகத்தோடதான் டாக்டர். வேற முகம் இல்லை. உங்க பெட்டியில பாஸ்வேர்டே தெரியாம யார் வேணா நுழையலாம். நான் எதையும் விக்கலை, விக்க அங்க ஒண்ணும் இல்லை."

டாக்டர் கோபக்காரர், ஆனால் மண்டையில் சரக்கு உள்ளவர். "சரி. நான் இப்பவே பாஸ்வேர்டை மாத்துறேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க வாசலுக்கு வெளியில நின்னு உங்க போன்ல உள்ள வந்து காட்டுங்க. வர முடியலைன்னா போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. ஆனா நீங்களே வாயைத் திறந்து அனுமதி குடுத்தீங்கன்னு இங்க இருக்கறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க."

காத்திருந்த நோயாளிகள் வீங்கிய கன்னத்தோடு தலையாட்டினார்கள். டாக்டர் மாற்றினார். ஒயரக்கா வெளியே நின்று தன் சொந்த சிம்மின் நெட்டில் தட்டினாள். டாக்டரின் பெட்டி, யார் நீ என்றுகூடக் கேட்காமல், தன் முழு வயிற்றையும் திறந்து காட்டியது. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூட மறந்து நின்றார்.

"மூடுங்க அதை" என்றார் கடைசியில். பெட்டியைத்தான் சொன்னார்.

மூடினாள். முதலில் பெட்டியின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை அழுத்திப் பழைய அமைப்பையெல்லாம் துடைத்தாள். புகுந்தவன் எதையாவது விட்டுவிட்டுப் போயிருந்தால் அதுவும் போக வேண்டும். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து புதிய மென்பொருளை இறக்கி ஏற்றினாள். வெளிக்கதவை 'ஆஃப்' செய்தாள். வழிகாட்டும் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். புதிய பாஸ்வேர்டை டாக்டரையே போட வைத்து, தான் முதுகைக் காட்டி நின்றாள். மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னாள். பிறகு மறுபடி வெளியே போய்த் தட்டினாள். இந்தத் தடவை போனில் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது.

அன்று சாயங்காலமே டாக்டர் பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்தார். அவர்கள் அடுத்த வீட்டாரை. எந்தக் குடியிருப்பில் அவளைத் திருடி என்றார்களோ, அதே குடியிருப்பின் படிகளில் பையோடு ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் வெளிக்கதவை மூடிவிட்டு, "இதைத் திறந்து வைக்கச் சொன்னது மேனேஜர். மூடச் சொன்னது நான்" என்று மறக்காமல் சொன்னாள். மீன்தொட்டி வீட்டில் இதை இரண்டு தரம் சொன்னாள். அந்த மனிதர் தொட்டியைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார்.

அலுவலகத்தில் அவள் கூட வேலை பார்த்த பெண் போன் செய்வாள். "அக்கா, திரையில பச்சை ஒவ்வொண்ணா அணைஞ்சுட்டு இருக்கு. இன்னைக்கு நடுக் கட்டடம் முழுக்க சாம்பல் கலரு. சார் நாற்காலியில உக்காரவே மாட்டேங்கறார்."

"டையைக் கழட்டினானா?"

"தளர்த்தி விட்டிருக்காரு அக்கா."

"கழட்டினா சொல்லு."

பிறகு என்ன, சாதாரணப் புகாருக்கும் ஆள் மாடி ஏற வேண்டியதாயிற்று. ஆளோ இல்லை. டையே ஏறினார். மூச்சு வாங்க அவர் படியில் நிற்பதை ஒயரக்கா கீழேயிருந்து ஆசை தீரப் பார்த்தாள். ஆனால் அவர் அசரவில்லை. "எங்களுக்கே தெரியாத ஓட்டை அது. தெரிஞ்சிருந்தா நாங்க மூடியிருக்க மாட்டோமா? அந்தம்மாதான் யாருக்கோ காட்டிக் குடுத்திருக்கணும்" என்று வீடு வீடாகப் புதுக் கதை விட்டார். பாதிப் பேர் நம்பினார்கள். வேன் இன்னும் பாதிதான் நிரம்பியது.

அந்தச் சமயத்தில்தான் டையின் மனைவி போன் செய்தாள். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். "எல்லார் வீட்டையும் மூடுறீங்களாம். எங்க வீட்டை மட்டும் விட்டுட்டீங்களே? இவர்கிட்ட கேட்டா எரிஞ்சு விழறார்."

போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தாள். திறந்தே கிடக்கட்டும், அனுபவிக்கட்டும். பிறகு, அவன் வீட்டுக் கூடத்திலேயே தான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாள். போனாள்.

பெட்டியின் பக்கத்தைத் திறந்தவள், ஒரு நிமிஷம் எதுவும் புரியாமல் பார்த்தாள். வெளிக்கதவு மூடியிருந்தது. புதிய மென்பொருள் ஏற்கெனவே ஏறியிருந்தது. ஏற்றிய தேதியும் அங்கேயே இருந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு டையின் அறைக்குப் போனாளே, அதற்கு மறுநாள். அலுவலகத் திரையில் மேனேஜர் வீட்டுக்கு மட்டும் ஏன் பச்சைப் புள்ளி இல்லை என்று யாரும் கேட்டதில்லை, மேனேஜர் வீடாயிற்றே.

"இதை யாரும்மா மூடினது?" ஒயரக்காவின் குரல் எப்போதும் இல்லாதபடி தாழ்ந்திருந்தது.

"அவர்தான் ஒருநாள் என்னவோ பண்ணிட்டு இருந்தார். என் வகுப்பு நடுவுல கட்டாச்சு, கத்தினேன். ஏன், தப்பா பண்ணிட்டாரா?"

"இல்லம்மா. ரொம்பச் சரியா பண்ணியிருக்கார்."

தேதியைக் காட்டினாள். அன்றைக்கு முந்தின நாள் டையிடம் தான் என்ன சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார், அடுத்த சில வாரத்தில் கீழ்வீடுகளில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கணக்கு டீச்சர் அந்தத் தேதியை மறுபடி ஒருதரம் படித்துப் பார்த்தாள்.

கதவைத் திறந்துகொண்டு டை உள்ளே வந்தார். ஒயரக்காவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி. "தெரிஞ்சு நம்ம வீட்டை மட்டும் மூடினீங்களா?"

"நம்ம பிள்ளைங்க இருக்காங்கன்னு... ஒரு பாதுகாப்புக்கு..."

"கீழ்வீட்டுல எல்லாம் பிள்ளைங்க இல்லையா? அவங்கதான் என்கிட்ட கணக்குப் படிக்கறாங்க!"

அவள் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குழுவில் போட்டாள். கீழே ஒரே வரி எழுதினாள்: 'எச்சரிக்கை வந்த மறுநாளே எங்கள் வீட்டை மட்டும் மூடிக்கொண்டோம். அந்த அம்மா மேல் தப்பில்லை.' டை கையை நீட்டிப் போனைப் பிடுங்கப் பார்த்தார். அதற்குள் அது போய்விட்டது.

முதல் அழைப்பு டாக்டரிடமிருந்து. டை எடுக்கவில்லை. அது நிற்பதற்குள் அடுத்தது. அப்புறம் நிறுத்தாமல் அடித்தது.

"ஏம்மா," என்றார் டை, ஒயரக்காவைப் பார்த்து. அவளிடம் நேருக்கு நேர் முதல் தடவையாக அம்மா போட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் சமாதானமாப் போகச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னா யாரு சார் கேக்கறா? உங்ககிட்டயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேனே."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு மாடி இறங்கி, படியிலேயே உட்கார்ந்தாள். மேலே போன் அடித்துக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து கதவுகள் திறக்கும் சத்தமும், யாரோ கோபமாகப் படியேறி வரும் சத்தமும் கேட்டன. ஐயோ பாவம் என்று தோன்றுகிறதா என்று தன் மனசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தோன்றவில்லை. ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.