வால் இல்லாத காற்று

கல்முனைக் கரைப்பக்கம் புயலைப் படிக்கவென்று கிளம்பிய முதல் ஆள் மருதமுனைச் சுல்பிகாதான். எல்லாரும் காற்றுக்கு முன்னால் ஓடினால், அவள் அது போன பிறகு ஓடுவாள். தென்னை எந்தப் பக்கம் விழுந்தது, கூரைத் தகரம் எங்கே பறந்தது என்று கொப்பியில் அம்பு அம்பாய் வரைவாள். "காத்துக்குப் பிறப்புப் பத்திரம் எழுதுற புள்ள" என்பார்கள் ஊரில்.

அந்த ஒக்டோபரில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்த காற்று பத்து நிமிடம்தான் நின்றது. நெசவுக் கொட்டில்களைப் பிரித்து, நெய்து வைத்திருந்த சாரன்களை ஊரெங்கும் எறிந்தது. கடலில் மீனவர் ஹாதிக் காக்காவின் தோணியைக் கவிழ்த்தது. அவர் தோணியைப் பிடித்தபடி மிதந்து தப்பினார்.

கொழும்பில் படித்துக்கொண்டிருந்த சுல்பிகா இரண்டு நாள் கழித்து ஊருக்கு வந்து அவரைத்தான் முதலில் பார்த்தாள்.

"வாலக் காணல்ல புள்ள, அதான் நிண்ட நான். சுழிக்காத்தெண்டா மேகத்திலரிந்து வால் தொங்கும். கண்டா கரைக்கு வந்திருவம்."

"இது சுழிக்காத்தில்ல காக்கா. மேகத்திலரிந்து பொத்தெண்டு விழுந்து நாலு பக்கமும் பரவுற காத்து. இதுக்கு வால் இல்ல."

"விழுந்தத நீ பாத்தியா? கொழும்பில இரிந்தவ நீ. கடலுக்குள்ள கெடந்தவன் நான்."

விடிந்தால் தம்பியின் தோணியில் மறுபடி போவார். மறுபடி வாலைத்தான் தேடுவார். பொருள்கள் விழுந்த திசையைக் காட்டினால் நம்புவார் என்று சுல்பிகா கொப்பியை எடுத்தாள்.

காட்டுவதற்கோ ஒன்றும் மிஞ்சவில்லை. மரங்களை அறுத்தாயிற்று, தகரங்களை ஏற்றியாயிற்று. "நீ வாறாயெண்டுதான் மகள், ஊரத் துப்பரவாக்கின" என்றார் உம்மா, பெருமையாக. கண்டெடுத்த சாரன்களைப் பள்ளிவாசலில் ஒப்படைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, உரியவர்களும் கொண்டு போய்விட்டார்கள்.

பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டபோது பாங்கு சொல்லும் மோதினார் ஒரு கொப்பியை நீட்டினார். "ஆரும் மாத்தி எடுத்திரக் கூடாதே எண்டு எழுதின." எங்கே கிடந்தது, என்ன அடையாளம் சொல்லி யார் எடுத்தார்: நாற்பத்தொரு சாரன். 'அம்ஹா, நீலக் கரை, கிணத்தடி.'

ஒவ்வொரு கொட்டிலிலிருந்தும் சாரன் கிடந்த இடத்துக்கு அம்பு வரைந்தாள். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன் ஹாதிக்கின் வாசலில் படத்தை விரித்தாள்.

"எங்கூட்டுக் கொட்டில்ல இரிந்த சாரன் எது?" என்றார் அவர்.

"இது. வடக்கால கெடந்த. நடுவில இரிக்கிற மைதானத்துக்கு அங்கால ஸப்னா ராத்தாட சாரன் தெற்கால. சுழண்டிருந்தா அம்பெல்லாம் வட்டமாச் சுத்தி நிண்டிரிக்கும்."

அவர் விரலால் ஒவ்வொரு அம்பாகப் பின்னோக்கிப் போனார். எல்லாம் மைதானத்திலேயே வந்து முடிந்தன.

"அப்ப வால் இல்லாட்டி எதப் பாக்குற?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"கறுத்த மேகத்துக்குக் கீழ மழ திரையாத் தொங்கும். கண்டவுடன கரைக்கு வாங்க. குளிர் காத்து முகத்தில அடிச்சிட்டா நேரமில்ல. வலைய வெட்டிட்டு தோணிட அணியத்தக் காத்துக்கு நேராப் புடிங்க."

"வலைய வெட்டட்டாம்!" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

விடியற்காலை சுல்பிகா கரைக்குப் போனாள். தோணியை இறக்குமுன் ஹாதிக் பெட்டிக்குள்ளிருந்து கத்தியை எடுத்து, தோணியின் முன்முனையான அணியத்தில் கைக்கெட்டும் இடத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.