இட்லிப் பானையில் இருபத்து நான்கு பேனா

ஏழாம் கிளாஸ் பரீட்சைக்குப் பேனா கொண்டுவர மறக்கக்கூடாது என்று டீச்சர் சொன்ன அன்று, எல்லாருக்கும் நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்களுக்காகக் கரமனையில் நடந்த வகுப்பு அது. நான் சின்ன வயதில் நாலாவது வரைதான் படித்தேன். என்னைக் கேட்கும் கேள்விக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மன்னிதான் பதில் சொல்வார். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அங்கே வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. சொன்னபடி கொடுக்காவிட்டால் மறுபடி அங்கே தலைகாட்ட முடியாது.

பழைய காலண்டர் தாளைக் குடைக்கம்பியில் இறுக்கிச் சுருட்டி, ஓரத்தில் மைதாப் பசை தடவினால் பேனாவின் உடம்பு தயார். கம்பியை உருவிவிட்டு ரீஃபிலை நுழைக்க வேண்டியதுதான். இருபத்து நான்கு சுருட்டிக் காயவைத்தேன். ரீஃபில் வாங்க மன்னி சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். கடைக்காரரிடம் பேச எனக்குக் கூச்சம்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் நுழைத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் போகவில்லை. மன்னி வாங்கியதெல்லாம் தடி ரீஃபில்.

"நம்ம கிளாஸ்ல யாருக்குடி கண்ணு நன்னாத் தெரியறது? எழுத்து கொட்டை கொட்டையா விழட்டுமேன்னு வாங்கினேன்" என்றார்.

அதுவும் நியாயம்தான். மாற்றிவர மனசு வரவில்லை. அழுத்தித் தள்ளிப் பார்த்ததில் ஒன்று வாழைப்பழத் தோல் மாதிரி பிரிந்துபோயிற்று. அப்போதுதான் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்த்தேன். மழைச்சாரல் பட்டு அது தானாகவே தளர்ந்திருந்தது. எழுந்துபோய் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினேன்.

"பேனாவை அவிக்கறவளை இப்பத்தான் பார்க்கறேன். நாளைக்கு எழுதறதா, சட்னி தொட்டுக்கறதா?" என்றார் மன்னி.

ஆவியில் இளகியதைச் சுருட்டிய பக்கத்துக்கு எதிராக மெல்லத் திருகினால் துளை விரிந்தது. காயும்போது காகிதம் சுருங்கும் என்பது முதல் பேனாவில்தான் தெரிந்தது. அது ரீஃபிலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. பிறகு ஒரு ரீஃபில்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி, அது நுழையும் அளவுக்கு மற்றத் துளைகளை விரித்தேன்; காய்ந்து சுருங்கியதும் வெறும் ரீஃபிலுக்குச் சரியாக இருக்கும். நாலைந்து துளைகள் அளவுக்கு மேல் அகன்றுபோயின. கேலி செய்த மன்னியே உட்கார்ந்து அந்த ரீஃபில்களின் வாலில் தாள் துண்டு சுற்றினார். பிரிந்துபோனதை நான் புதிதாகச் சுருட்டினேன். விளக்கேற்றுவதற்குள் இருபத்து நான்கும் வரிசையாகக் கிடந்தன.

மறுநாள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டுப் பசிக்கிறது என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. எல்லார் தாளிலும் எழுத்து கொட்டை கொட்டையாக விழுந்தது.

பரீட்சை முடிந்ததும் டீச்சர் ஒரு பேனாவை வாங்கி எழுதிப் பார்த்தார். பத்தாம் கிளாஸ் பரீட்சைக்கும் இதுபோல் உண்டாக்கித் தர முடியுமா என்று வழக்கம்போல் மன்னியைப் பார்த்துக் கேட்டார்.

மன்னி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"தரேன் டீச்சர். ரீஃபிலை மட்டும் நானே கடைக்குப் போய் வாங்கிக்கறேன்."