எழுத்துப் போடும்வரை

தொண்ணூறுகளில், பொள்ளாச்சியில் ஒரு மேட்னி ஷோ. படம் ஆளைப் பிடிப்பதே முதல் சில நிமிடங்களில்தான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்த காலம். அதனால் எழுத்துப் போடுவதற்குள் உள்ளே போய்விடுவேன். அன்று கொஞ்சம் தாமதம்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் இருட்டில் காலை ஒதுக்கி வழிவிட்டார். "வாங்க கண்ணு, இன்னும் எழுத்துப் போடலீங்க" என்றார்.

திரையில் ஒரு கிணறு. இசையே இல்லை. ராட்டினம் தானாகச் சுற்ற, கயிறு உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. சட்டென்று பெரியவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "சும்மா படந்தானுங்க" என்று கிசுகிசுத்தேன், திரும்பிப் பார்க்காமலே.

கயிறு நின்றது. படத்தின் பெயர் வந்தது. விசில் பறந்தது. அவர் பிடியும் தளர்ந்தது.

"ஏனுங்க, பயந்துபோட்டீங்களா?" என்று திரும்பினேன். பின்னால் யாருக்கோ இடம் காட்டிய டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது. கண்கள் திரையைப் பார்த்தபடி இருந்தன. மூச்சு இல்லை.

மாரடைப்பு என்றார்கள்.

இப்போதும் படத்துக்குப் போகிறேன். முதல் காட்சி தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். எல்லா முகமும் அவர் முகம் போலவே இருக்கிறது.