காட்டுச்சேனை பூத்த இடம்

எங்கள் மாமா, அதாவது அத்தையின் கணவர், மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒருநாள் ஷிப்டுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர் எல்லோர் கண்ணிலும் அவர் பட ஆரம்பித்தார். ஒருவர் பாண்டவபுரத்தில் டீ குடிக்கக் கண்டார், இன்னொருவர் திருப்பதியில் மொட்டைத் தலையோடு கண்டார். அத்தை தினமும் பொட்டு வைக்கும் முன் அம்மாவிடம், வைக்கலாமா அண்ணி என்று கேட்டாள். இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் யாராவது சொன்னால் போதும் என்பாள்.

முதல் கோடை மழை கொட்டிய வாரம், மலையடிவாரக் காட்டில் பிணவாடை அடிப்பதாக விறகு பொறுக்கப் போனவர்கள் சொன்னார்கள். போலீஸ்காரர் அப்பாவைக் கூப்பிட்டார். அத்தையும் கிளம்பினாள். அம்மா வேலைக்குப் போயிருந்ததால் ஆட்டோவில் நானும் ஏறினேன்.

அத்தையைக் காட்டோரத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். என்னை வராதே என்றார்; அதனால் போனேன். மர நிழலில், மட்கிய சருகைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பில் ஒரு பெரிய குமிழ் நின்றது. சுற்றி ஒரு இலைகூட இல்லை. ஈ அப்பியிருந்தது.

கூட வந்த வனக்காவலர் சிரித்துவிட்டுக் கன்னடத்தில் விளக்கினார். காட்டுச்சேனையின் பூவாம். கிழங்கு வருடக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு கிடக்குமாம். முதல் மழைக்குப் பூ வருமாம், ஈயை இழுக்கத்தான் அந்த அழுகல் வாடையாம். பூ வாடிய பிறகுதான் ஒற்றை இலை குடைபோல விரியுமாம். அப்பா மரத்தில் சாய்ந்துகொண்டு அவரும் சிரித்தார். மாமா போனபின் அப்பா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நல்ல சேதியை நான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று ஓடினேன்.

"அத்த, அது மாமா இல்ல. வெறும் பூவு."

என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, பின்னால் வந்த அப்பாவைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்தீங்களாண்ணா? சுத்துமுத்தும் பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னொருக்கா பாருங்கண்ணா. இங்கதான் எங்கியாச்சும் கெடப்பாரு."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை போலும் என்று எனக்குத் தோன்றியது. சேலையைப் பிடித்து இழுத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன், மாமா அங்கே இல்லவே இல்லை என்று.